தலைநகர் வேற்றூரான கதை

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கேரள – தமிழக எல்லைக் கிராமங்களில், படிப்புக்காகச் சொந்த ஊரை விட்டு வேற்றூரில் தங்குவது ஆயிரத்து நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வழக்கம். சனி, ஞாயிறு இரண்டு நாளைத் தோழர்களோடு ஒரு பெருநகரில் கழிப்பது அதற்கு மிகவும் பிந்தியது. அதற்கு முதலில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாளாக வேண்டும். பெருவழி எல்லாருக்கும் திறக்க வேண்டும். பஸ் வர வேண்டும். இம்மூன்றும் கைகூடி இருபது ஆண்டு நிறைவதற்குள், அந்தப் பெருநகரான திருவனந்தபுரம் களியக்காவிளைக்குத் தெற்கே இருந்தவர்களுக்கு அயல் மாநிலத்தின் தலைநகராகிவிட்டது.

மிகப் பழைய சான்று பார்த்திவபுரத்தில் இருக்கிறது. பாறசாலைக்குத் தெற்கே, புதுக்கடையை அடுத்த முஞ்சிறைப் பக்கத்து ஊர் அது. இன்று கன்னியாகுமரி மாவட்டம். ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866ஆம் ஆண்டில் அங்கே ஒரு விண்ணகரத்தை, அதாவது திருமால் கோயிலை, எடுத்து, அதோடு ஒரு சாலையையும் நிறுவினான். சாலை என்றால் வேதம் கற்கும் மாணவர் தங்கி உண்டு படிக்கும் கல்விக்கூடம். முஞ்சிறைச் சபையாரிடம் மாற்று நிலம் கொடுத்து இடம் வாங்கியது முதல், எந்த வேதப் பிரிவினருக்கு எத்தனை இடம் என்பது வரை செப்பேட்டில் எழுதப்பட்டிருக்கிறது. மொத்தம் 95 இடங்கள். அவை 45, 36, 14 என மூன்று பிரிவினருக்குப் பங்கிடப்பட்டிருந்தன. காந்தளூர்ச் சாலையின் ஒழுங்கே இதற்கு முன்மாதிரி. அந்தக் காந்தளூர் திருவனந்தபுரத்து வலியசாலைதான் என்பது பலருடைய கருத்து. அப்படியானால் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே தெற்கத்திக் கல்விக்கு வடக்கே இருந்த நகரம் அளவுகோலாகிவிட்டது.

செப்பேட்டில் சுவையான பகுதி, மாணவர் நடத்தையைப் பற்றியது. ஒருவரையொருவர் வைதால் பொன் தண்டம்; ஆயுதத்தால் காயப்படுத்தினால் சாலைச் சோறு நின்றுபோகும்; கூட்டத்துக்கு ஆயுதத்தோடு வரக் கூடாது; தங்கும் அறையில் பணிப்பெண்களை வைத்துக்கொள்ளக் கூடாது. நடக்காத ஒன்றைத் தடை செய்ய யாரும் செம்பைச் செலவழிப்பதில்லை. வேதம் படிக்க வந்த இளைஞர்களும் விடுதி இளைஞர்களாகத்தான் இருந்திருக்கிறார்கள். சேர வருபவருக்கு இலக்கணம், மீமாம்சை ஆகியவற்றோடு மூன்று இராச்சியங்களின் நடைமுறையும் தெரிந்திருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. எல்லையோரத்துக் கல்விக்கூடத்துக்கு இதைவிடப் பொருத்தமான நுழைவுத் தகுதி கிடைக்காது.

அந்தச் சாலை எவ்வளவு காலம் நீடித்திருந்தாலும், பிறப்பால் பிராமணரல்லாத ஒருவருக்கு அது பயன்பட்டிருக்காது. திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்ட திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்பகுதியில் மற்றவர்களுக்கான பள்ளிக்கூடம் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் பரவலாக வந்தது. அரசி கௌரி பார்வதி பாய் 1817இல் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று அறிவித்தார். இலண்டன் மிஷனின் சார்லஸ் மீட் நாகர்கோவிலில் 1819இல் செமினாரியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து 1893இல் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியானது. பாறசாலையும் மிஷனின் தனி நிலையமாக உருப்பெற்று, ஜான் ஆப்ஸ் என்ற போதகர் அங்கிருந்து நெடுங்காலம் பணியாற்றினார். பாறசாலைச் சுற்றுவட்டாரத்து மிஷன் பிள்ளைகள் மேற்படிப்புக்குத் தெற்கே நாகர்கோவிலுக்குப் போனார்கள். நாயர், வேளாளர், பிராமணர் வீட்டுப் பிள்ளைகள் வடக்கே திருவனந்தபுரத்துக்குப் போனார்கள். ஒரே ஊரிலிருந்து இரு திசைகளில் கிளம்பிய இந்தப் பழக்கம் பின்னாளைய அரசியலிலும் நிழலாடியது.

ஞாயிற்றுக்கிழமைக்கும் இந்தப் பகுதியில் ஒரு வரலாறு உண்டு. நாடார், பறையர் போன்ற சமூகத்தினர் அரசுக்கும் கோயிலுக்கும் கூலியில்லாமல் ஊழியம் செய்ய வேண்டியிருந்த காலம் அது. பிரிட்டிஷ் ரெசிடெண்ட் கர்னல் மன்றோவின் நாளில்தான் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. வாரத்தில் ஒருநாள் தன்னுடையது என்ற எண்ணம் இந்தக் கிராமங்களுக்குள் அந்த வழியாக நுழைந்தது. மிஷன் விடுதி மாணவனுக்கு அந்த நாளில் பொழுதுபோக்கு எதுவும் இல்லை: காலையில் ஆராதனை, மாலையில் வேதபாடம். ஆனாலும் யாரும் அவனை வேலைக்கு இழுத்துப்போக முடியாது என்பதே அன்று பெரிய காரியம்.

திருவனந்தபுரம் கல்வி நகரமானது மெல்ல மெல்லத்தான். மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் 1834இல் தொடங்கிய ஆங்கிலப் பள்ளி 1866இல் கல்லூரியாக உயர்ந்து, 1873இல் இப்போதைய செங்கல் கட்டடத்துக்குக் குடிபோனது. மகாராஜா கல்லூரி என்றும் பிறகு யுனிவர்சிட்டி காலேஜ் என்றும் பெயர் மாறிய அது, 1937 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. நெய்யாற்றின்கரையிலிருந்து அங்கே இருபது கிலோமீட்டர், பாறசாலையிலிருந்து முப்பது. நாள்தோறும் போய்வர முடியாத, ஆனால் வாரம் ஒருமுறை நடந்துவிடக்கூடிய தூரம். சனிக்கிழமை மதியம் கிளம்புகிற பையன் விளக்கு வைக்கும் நேரத்துக்கு நெய்யாற்றின்கரையை எட்டிவிடலாம். பாறசாலைக்காரன் இருட்டிய பிறகு வீடு சேரலாம். வசதியுள்ளவனுக்கு வில்வண்டி. ஆகவே முதல் இரண்டு தலைமுறை மாணவர்களுக்கு வாரக் கடைசி என்பது நகரத்தை விட்டு ஊருக்குப் போகிற நேரம்.

நகரத்திலேயே தங்கிவிடுவது சாதியைப் பொறுத்தும் சுற்றத்தைப் பொறுத்தும் அமைந்தது. பிராமண மாணவனுக்குத் தலைநகரிலும் வழிநெடுகவும் அரசு நடத்திய ஊட்டுப்புரைகளில் இலவசச் சோறு கிடைத்தது. வேளாளப் பையனுக்குக் கரமனையிலோ சாலைக் கடைத்தெருவை ஒட்டியோ ஓர் அத்தை வீடு இருந்தால் போதும். நாயர் வீட்டுப் பிள்ளைக்கு அலுவலில் இருந்த அம்மாவன் (தாய்மாமன்) உண்டு. மற்றவர்களுக்குப் படிப்புச் செலவைக் காட்டிலும் சாப்பாட்டுச் செலவே பெரிய தடை.

இந்த வழியாக நகரம் போய்ப் பேர்பெற்றவர் நெய்யாற்றின்கரை ராமகிருஷ்ண பிள்ளை. 1878இல் பிறந்த அவர், திருவனந்தபுரத்தில் படித்தபோது பாடப்புத்தகங்களைக் காட்டிலும் பத்திரிகைகளில் ஆழ்ந்தார். மாணவப் பருவத்திலேயே எழுதத் தொடங்கிப் பத்திரிகை ஆசிரியருமானார். வீட்டாருக்கு அது பிடிக்கவில்லை. பிறகு வக்கம் மௌலவி நடத்திய ‘சுதேசாபிமானி’யின் ஆசிரியராகித் திவானின் ஆட்சியைத் தாக்கி எழுதினார். 1910 செப்டம்பர் 26ஆம் நாள் அச்சகம் பறிமுதலானது. அவர் நாடு கடத்தப்பட்டார். ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலிப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். அன்றைக்குத் திருவிதாங்கூரின் எல்லை அங்கேதான் இருந்தது. அதைத் தாண்டினால் பிரிட்டிஷ் இந்தியா. காவலர்கள் அவரை ஓட்டிச்சென்ற பெருவழி, அவருடைய சொந்த ஊரான நெய்யாற்றின்கரை வழியாகத்தான் போகிறது.

அந்தப் பெருவழியில் எல்லாரும் நடக்க முடிந்ததில்லை. நெய்யாற்றின்கரைத் தாலுகாவைச் சேர்ந்த வெங்ஙானூரில் 1863இல் பிறந்த புலையரான அய்யங்காளி, 1893இல் வில்வண்டியில் ஏறிப் பொதுவழியில் போனதே கலகமாயிற்று. புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க அரசு ஆணையிட்ட பின்பும் ஆசிரியர்களும் ஊராரும் விடவில்லை. 1914இல் ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்ற சிறுமியை அய்யங்காளி அழைத்துச் சென்றபோது அடிதடி மூண்டு, பள்ளிக்கூடத்துக்கே தீ வைத்தார்கள். ஊர்ப் பள்ளிக்குள் நுழையவே இந்தப் பாடு என்றால் நகரக் கல்லூரி அந்தத் தலைமுறைக்கு நினைப்புக்கு அப்பாற்பட்டது. நெய்யாற்றங்கரையில் அருவிப்புறத்தில் 1888இல் நாராயண குரு செய்த சிவப் பிரதிஷ்டை, வைக்கம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்கான போராட்டம், 1936 நவம்பர் 12ஆம் தேதிய ஆலயப் பிரவேச அறிவிப்பு இவற்றுக்கெல்லாம் பிறகுதான் ஒரு மாணவர் கூட்டம் சாதி பேதமின்றிச் சேர்ந்து தலைநகரின் கோட்டைக்குள் சுற்றிவர முடிந்தது. தோழர்களோடு ஊர் சுற்றுவது என்ற சாதாரணக் காரியத்துக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

உள்ளே இடமில்லாதவர்கள் தொலைவுக்குப் போனார்கள். திருவனந்தபுரத்து ஈழவரான டாக்டர் பல்பு, மருத்துவப் படிப்புக்கான தேர்வில் தேறியும் சாதியால் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. அவர் சென்னையில் மருத்துவம் படித்து, மைசூர் அரசில் பணியாற்றி, இங்கிலாந்தில் மேற்படிப்பும் முடித்தார். சொந்த நாடு மட்டும் கடைசிவரை வேலை கொடுக்கவில்லை. ஜி. பரமேஸ்வரன் பிள்ளை கல்லூரி மாணவராக இருக்கும்போதே திவானின் ஆட்சியைக் கண்டித்து எழுதி வெளியேற்றப்பட்டார். சென்னைக்குப் போய்ப் படிப்பை முடித்து ‘மெட்ராஸ் ஸ்டாண்டர்ட்’ ஆசிரியரானார். 1897இல் இலண்டன், பாரீஸ் நகரங்களைப் பார்த்ததைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். அயல்நகரை இந்தியக் கண்ணால் பார்த்து, அங்குள்ளவர்களைக் கேலியோடு எடைபோட்ட தொடக்ககாலப் பயண நூல்களில் அது ஒன்று.

விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளையின் கதை இதிலும் நீண்டது. நாஞ்சில் நாட்டு வேளாளக் குடும்பம். 1891இல் திருவனந்தபுரத்தில் பிறப்பு. பள்ளி மாணவனாக இருந்தபோது வால்ட்டர் ஸ்டிரிக்லேண்ட் என்ற இயற்கை ஆய்வாளரோடு 1908இல் கப்பலேறினார். சேர்ந்து புறப்பட்ட தோழன் பத்மநாப பிள்ளை கொழும்போடு திரும்பிவிட்டார். செண்பகராமன் மட்டும் ஐரோப்பா சேர்ந்து, சுவிட்சர்லாந்தில் படித்தார். சூரிச் நகரில் இந்திய மாணவர்களோடு கூடிப் பேசியது சங்கமாகி, சங்கம் பத்திரிகையாகி, முதல் உலகப் போர் தொடங்கியதும் அவரைப் பெர்லினுக்குக் கொண்டுசேர்த்தது. 1934இல் அங்கேயே இறந்தார். கரமனையாற்றிலும் நாஞ்சில் வயல்களிலும் கரைக்கச் சொல்லி வைத்திருந்த அஸ்தி 1966இல் கப்பலில் கொச்சிக்கு வந்தது. அதற்குள் கரமனை கேரளத்திலும் நாஞ்சில் நாடு தமிழகத்திலும் இருந்தன.

திரும்பவும் எல்லைப் பெருவழிக்கு வரலாம். மாணவர் வாரக் கடைசியை மாற்றியது பஸ்தான். 1938 பிப்ரவரி 20ஆம் தேதி மன்னர் சித்திரைத் திருநாள் திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்தைத் தொடங்கிவைத்தார். இலண்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட சால்ட்டர் என்பவர் மேற்பார்வையாளர். முதலில் அரசுடைமையான தடம் திருவனந்தபுரம் – நாகர்கோவில் – கன்னியாகுமரி. அதே காலத்தில் அந்தச் சாலை கான்கிரீட்டும் ஆனது. அரைநாள் நடை ஒன்றரை மணி நேர இருக்கையாகச் சுருங்கியது. முந்தைய ஆண்டில்தான் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியிருந்தது. 1939இல் பொறியியல் கல்லூரி, 1951இல் மருத்துவக் கல்லூரி என நகரம் பெருத்தது. அதுவரை வாரக் கடைசியில் ஊருக்கு ஓடிய மாணவர்கள் இப்போது நகரிலேயே தங்கினார்கள். ஊரிலிருந்து தோழர்கள் வாழையிலைப் பொதிச்சோற்றோடு அவர்களைத் தேடி வந்தார்கள்.

பார்க்க அங்கே நிறைய இருந்தது. 1850களில் தோன்றிய மிருகக்காட்சி சாலை, 1880இல் முடிந்த நேப்பியர் மியூசியம், 1935இல் திறந்து ரவிவர்மா படங்களைத் தாங்கிய சித்ராலயம் ஆகிய மூன்றும் ஒரே தோட்டத்துக்குள். 1829இல் தொடங்கிய பொது நூலகம் கொஞ்ச தூரத்தில். மாலையில் சங்குமுகம் கடற்கரை. இரவில் சினிமா. நாகர்கோவில்காரரான பி. சுப்பிரமணியம் தலைநகரில் திரையரங்கு நடத்தி, 1951இல் நேமத்தில் மெரிலேண்ட் ஸ்டூடியோவைக் கட்டினார். நேமம் நெய்யாற்றின்கரைச் சாலையிலேயே இருப்பதால், பஸ்ஸின் ஜன்னலோரம் பிடித்தவனுக்கு நடிகர் முகம் தெரியாதா என்ற நப்பாசையும் பயணத்தோடு சேர்ந்துகொண்டது. சினிமாவுக்கும் கசந்த ஒரு தொடக்கம் உண்டு. மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ கேப்பிட்டல் அரங்கில் திரையிடப்பட்டபோது, நாயர் பெண்ணாக நடித்த தலித் பெண் ரோசியைக் கூட்டம் துரத்தியடித்தது. அவர் தப்பிப் போனது இதே சாலையில், தெற்கு நோக்கி.

தமிழ் படிக்கும் மாணவருக்குத் திருவனந்தபுரம் அன்னிய இடமாக இருந்ததில்லை. ‘மனோன்மணீயம்’ எழுதிய சுந்தரம் பிள்ளை மகாராஜா கல்லூரியில்தான் தத்துவப் பேராசிரியர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அங்கே மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பித்து 1931இல் ஓய்வுபெற்றார். 1950களின் முற்பாதியில் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைக்கு எஸ். வையாபுரிப் பிள்ளை தலைவர். பின்னாளில் யுனிவர்சிட்டி காலேஜில் பேராசிரியர் ஜேசுதாசனும், மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த நகுலனும் இருந்தார்கள். சாலைக் கடைத்தெருவில் வியாபாரம் செய்துகொண்டே ஆ. மாதவன் அந்தத் தெருவையே கதைகளாக எழுதினார். சாலையில் தேங்காய் விலை தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் வரும். நவீனத் தமிழ் இலக்கியத்தில் திருவனந்தபுரத்தின் பங்கு இன்னும் சரியாக அளக்கப்படவில்லை என்றே சொல்ல வேண்டும்.

இந்த நகரிலேயே படித்தவர்கள்தான் அதனிடமிருந்து பிரியவும் போராடினார்கள். விளவங்கோடு தாலுகாவின் பள்ளியாடியில் 1895இல் பிறந்த நேசமணி திருவனந்தபுரத்தில் சட்டம் படித்து நாகர்கோவிலில் வழக்கறிஞரானவர். அவர் தலைமையில் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாகாணத்தோடு இணைக்கக் கேட்டது. கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. 1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி முதல்வர் பட்டம் தாணு பிள்ளை ஆட்சியில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டு உயிர்கள் போயின. தம் கட்சி ஆட்சியே பதவி விலக வேண்டும் என்று பிரஜா சோசலிஸ்ட் தலைவர் லோகியா கேட்டது அப்போதுதான். மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் 1955ஆம் ஆண்டு அறிக்கை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய ஐந்து தாலுகாக்களைச் சென்னை மாநிலத்துக்குத் தரப் பரிந்துரைத்தது. தமிழர் சிறுபான்மையாக இருந்த நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. 1956 நவம்பர் 1 முதல், அதுவரை இரண்டு தாலுகாக்களுக்கு இடையே வரைபடத்தில் மட்டும் கிடந்த கோடு மாநில எல்லையானது. அது களியக்காவிளைக்கும் இஞ்சிவிளைக்கும் இடையே, ஊரம்பு, பனச்சமூடு போன்ற கடைத்தெருக்களை ஒட்டிப் போகிறது. சில இடங்களில் தெருவின் ஒரு பக்கம் ஒரு மாநிலம், மறுபக்கம் இன்னொன்று.

அந்தக் கோடு மாணவர் வாழ்வில் புலப்பட்டது சோதனைச்சாவடியைக் காட்டிலும் காகிதங்களில்தான். களியக்காவிளைப் பையனுக்குத் திருவனந்தபுரத்துக் கல்லூரி இடஒதுக்கீட்டில் வெளிமாநிலத்தான் என்ற பெயர் வந்தது. பாறசாலைத் தமிழ்க் குடும்பத்துப் பெண்ணுக்கு மார்த்தாண்டத்தில் அதே பெயர். ஒரு மாநிலத்தின் மாணவர் சலுகை அட்டை மறு மாநிலத்துப் பஸ்ஸில் செல்லாது. சாதிச் சான்றிதழிலும் இருப்பிடச் சான்றிதழிலும் சிக்கல். இருபுறமும் புதிய கல்லூரிகள் முளைத்தன: 1964இல் மார்த்தாண்டத்தில் நேசமணி நினைவுக் கிறிஸ்தவக் கல்லூரி, அதே ஆண்டில் கேரளப் பக்கம் தனுவச்சபுரத்தில் என்.எஸ்.எஸ். கல்லூரி. நாகர்கோவில் ஸ்காட் கல்லூரி திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தை விட்டுச் சென்னைக்கும், பிறகு மதுரைக்கும், 1990க்குப் பின் திருநெல்வேலிப் பல்கலைக்கழகத்துக்கும் கைமாறியது. அந்தத் திருநெல்வேலிப் பல்கலைக்கழகத்தின் பெயர் மனோன்மணியம் சுந்தரனார். திருவனந்தபுரத்துப் பேராசிரியரின் பெயரில்தான் கன்னியாகுமரி மாவட்டத்து மாணவர் இன்று பட்டம் வாங்குகிறார்கள்.

கேரளத்தின் பக்கம் நின்ற தமிழ்க் குடும்பங்களின் நிலை இன்னும் நுட்பமானது. 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழிலும் கன்னடத்திலும் அரசோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ளச் சிறுபான்மையோருக்கு உரிமை தந்தது. சட்டம் இருந்தாலும் வேலை மலையாளத்தில் கிடைத்ததால் பிள்ளைகள் மலையாளம் படித்தார்கள். வீட்டில் தமிழ், தேவாலயத்தில் இரண்டும், பஸ்ஸில் நடத்துநர் எதைப் பேசினால் அது. விளவங்கோட்டு மலையாளக் குடும்பங்களுக்கு இதே கதை தலைகீழாக நடந்தது.

எல்லையை மறக்கச் செய்தது ரயில். இந்திரா காந்தி 1972இல் அடிக்கல் நாட்டிய திருவனந்தபுரம் – கன்னியாகுமரிப் பாதை 1979 ஏப்ரலில் திறந்தது. நெய்யாற்றின்கரை, பாறசாலை, குழித்துறை, இரணியல் என்று நின்று போகும் பாசஞ்சர் வண்டியில் சீசன் டிக்கெட் எடுத்தவனுக்குத் தங்கும் விடுதியே வேண்டியிருக்கவில்லை. 1990இல் திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க் என்ற தொழில்நுட்பப் பூங்கா வந்தபின் படித்து முடித்தவர்களும் அதே பெட்டிகளில் வேலைக்குப் போய்வந்தார்கள். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது களியக்காவிளையில் தடுப்பு வைத்து அனுமதிச் சீட்டு கேட்டபோதுதான், அதுவரை நினைப்பில்லாமல் கடந்துகொண்டிருந்த ஒரு தலைமுறைக்கு அது எல்லை என்பது உறைத்தது. தடுப்பு அகன்றதும் வழக்கம் திரும்பியது. நாகர்கோவிலும் குழித்துறையும் கன்னியாகுமரியும் தமிழகத்துக்கு வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், அந்த நிலையங்கள் தெற்கு ரயில்வேயின் திருவனந்தபுரம் கோட்டத்தின் கீழேயே இயங்குகின்றன.